உன் அம்மா அவிழ்க்காத முடிச்சு

தாயி,

அடுத்த அறையில் இருக்கும் மகளுக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கன் இந்தப் பாம்பனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ சிரித்தாலும் பரவாயில்லை. நேரில் பேச உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஒன்று சொல்ல நீ ஒன்பது சொல்வாய், உன் அத்தை நடுவில் புகுந்து அவள் பங்குக்கு நாலு சொல்வாள், கடைசியில் நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் ஸ்டேஷனுக்குச் சவாரி பார்க்கப் போய்விடுவேன். காலமெல்லாம் அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறேன். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன், தினமும் பேப்பரை வரி விடாமல் வாசிக்கிறவன், எனக்கு எழுத வரும். பேசத்தான் வராது.

நேற்று சாயங்காலம் நீ மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு செருப்பு டப்பாவுக்குள் போட்டுப் பரணில் பழைய பாய்க்குப் பின்னால் தள்ளியதைப் பார்த்தேன். அத்தை கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அது அங்கனயே கிடக்கட்டும். வலிதான் போயிருச்சுல்ல? கமுதிக்காரங்களுக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான், நிச்சயம் பண்ணதெல்லாம் மண்ணாப் போயிரும்" என்றாள். "சரி அத்தை, இந்த வாரத்தோட நிப்பாட்டிர்றேன்" என்று நீ சொன்னாய். ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ துடைத்துக்கொண்டிருந்த என்னை நீங்கள் இருவரும் கவனிக்கவில்லை. எனக்கு உள்ளே வந்து கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கத்தி நான் சாதித்தது எதுவும் இல்லை, அது உன் அம்மா விஷயத்திலேயே தெரிந்துபோனது.

அத்தையைக் கோபிக்காதே. உன்னைக் கரையேற்ற வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு கிடையாது. ஆனால் அவள் சொல்வதைக் கேட்காதே. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், மதுரையில் அந்த இருட்டு அறையிலிருந்து நான் ஏன் எழுந்து ஓடினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் வரும்போது மானாமதுரை தாண்டும் வரை நீ அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாய். "வியாதி எனக்கு, அழுகை உங்களுக்காய்யா?" என்று கேலி வேறு செய்தாய். தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன். ஏசி போட்டு மூடின அறையில் ஏது தூசி?

உனக்கு இது எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பார். இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்தில், காலையில் குழாயைத் திருக முடியவில்லை என்று என்னைக் கூப்பிட்டாய். பிறகு சட்டைப் பித்தான். பிறகு தலைபின்னுவது. விரல்கள் விடிந்ததும் கட்டையாக நிற்கும், பத்து மணிக்கு மேல்தான் இளகும். "நாள் பூரா டைப் அடிக்கிற கைய்யா, அப்படித்தான் இருக்கும்" என்று நீயே தீர்ப்புச் சொன்னாய். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியது எனக்கு முதல் தடவை இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. ராமநாதபுரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வாதத்துக்கான சோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். உன் அத்தை மோதகம் செய்து பிள்ளையாருக்குப் படைத்தாள். அதில் ஒன்றைக்கூட உன்னால் பிட்டு வாயில் போட முடியவில்லை.

மதுரை டாக்டரம்மா உன் கையைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறினார். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கிற அதே ஸ்கேன்தான் என்று நர்ஸ் சொன்னதும் நான் துள்ளி எழுந்தேனே, "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு எதுக்கும்மா அது?" என்று. நீ தலையில் அடித்துக்கொண்டாய். அந்த டாக்டரம்மா சிரிக்காமல், அது கை மூட்டுகளையும் பார்க்கும் என்று பொறுமையாகச் சொன்னார். அதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி மூட்டு வீக்கம், காலையில விரல் மடங்காம இருக்கிறது, இப்படி ஏதும் உண்டா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் பளிச்சென்று, "எங்க வம்சத்துலயே கிடையாதும்மா" என்றேன். பொய் சொல்லவில்லை தாயி. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். உன் மணிக்கட்டில் குளிர்ந்த பசையைத் தடவி, சோப்புக்கட்டி அளவுக் கருவி ஒன்றை வைத்து மெல்ல நகர்த்தினார். திரையில் சாம்பலும் கறுப்புமாக ஏதேதோ தெரிந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அது அவருக்குத் தெரிந்துவிட்டது போல. "அய்யா, உங்க கையைக் குடுங்க. நல்ல கை எப்படி இருக்கும்னு பொண்ணுக்குக் காட்டுறேன்" என்றார். என் வலது கையைக் கொடுத்தேன். மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். திரையில் பட்டையாக ஒரு கோடு அதன் பாட்டுக்குப் போய் வந்தது. "இதுதான் விரலை இழுக்கிற நாண். சுத்தி ஒரு உறை இருக்கு. உறைக்குள்ள எவ்வளவு லேசாப் போயிட்டு வருது பாருங்க. உங்க கையில ஒரு குறையும் இல்லை" என்றார். எனக்கு அந்த வார்த்தை அப்போதே எங்கோ குத்தியது, எங்கே என்று தெரியவில்லை.

பிறகு மறுபடி உன் கை. உன் நாணைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது. "இந்தக் கறுப்பெல்லாம் நீர். உறை வீங்கி நீர் கோத்திருக்கு" என்றார். ஏதோ பொத்தானை அழுத்தினார். அந்தக் கறுப்பின் ஓரங்களில் சிவப்பும் ஆரஞ்சுமாகத் துடிக்கத் தொடங்கியது. "சிவப்பா துடிக்கிறது ரத்த ஓட்டம். நல்ல மூட்டுல இந்த இடத்துல இப்படித் தெரியாது. உடம்பு தன்னோட மூட்டையே எதிரின்னு நினைச்சுத் தாக்குது. சில பேருக்கு ரத்தப் பரிசோதனையில ஒண்ணும் வராது. எக்ஸ்ரேயில தெரியணும்னா எலும்பு அரிச்சிருக்கணும், அதுக்குள்ள காலம் போயிரும். இதுல முன்னாடியே தெரிஞ்சிருது, அதனால பயப்படாதீங்க" என்றார். உன்னை விரல்களை மடக்கி முஷ்டி பிடிக்கச் சொன்னார். பாதியில் நின்றது. "இதுவே காலையிலன்னா இன்னும் மோசமா இருக்குமே?" என்று கேட்டார், நீ ஆமாம் என்றாய். நான் அந்தப் பாதி மடங்கிய விரல்களைப் பார்த்தேன். அவை உன் விரல்கள் இல்லை தாயி. அந்த விரல்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நீ என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாய். "ஏம்மா, இந்த மாதிரிக் கையால காலையில ஒரு முடிச்சை அவுக்க முடியுமா?" என்றேன். "என்ன முடிச்சு?" என்றார். "நனைஞ்ச கயித்து முடிச்சு. இடுப்புல கட்டுனது" என்றேன். டாக்டரம்மா உன் கையைத் துடைத்துக்கொண்டே, "விரல் மடங்கவே இல்லையேய்யா, எப்படி அவுப்பாங்க?" என்று சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு அது ஒரு பதில். எனக்கு அதற்குமேல் அந்த அறையில் இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்து, படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்து அழுதேன்.

இனி உன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அது தப்பான கதை.

உன் அம்மா சாயல்குடிப் பக்கம் உப்பளத்து ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கடலில் இறங்கிப் பழகாதவள். வந்த ஒரே வருஷத்தில் இங்கே பிறந்த பெண்களே வாயைப் பிளக்கிற மாதிரி கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கக் கற்றுக்கொண்டாள். மூச்சை அடக்கி அவள் உள்ளே போனால் மேலே நிற்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டும். நான் வத்தை ஓட்டினேன். விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு தீவுப் பக்கம் போவது, அவர்கள் இறங்கிப் பாசி பறிக்கும் வரை காத்திருப்பது, வெயில் ஏறியதும் ஏற்றிக்கொண்டு திரும்புவது என் வேலை. பாறையிலும் சிப்பியிலும் கை கிழியாமல் இருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றுவார்கள். பறித்த பாசியைப் போட இடுப்பில் ஒரு பை கட்டியிருக்கும். நீயும் பார்த்திருப்பாய், இப்போதும் அப்படித்தான் போகிறார்கள்.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அவள் கை வீங்க ஆரம்பித்தது. காலையில் விரல் துணியைத் தானே சுற்ற முடியாமல் என்னிடம் நீட்டுவாள். "மச்சான், இதைக் கொஞ்சம் கட்டிவிடுங்க" என்பாள். கட்டிவிடுவேன். பையையும் நான்தான் கட்டுவேன். வத்தையில் மற்றப் பெண்களிடம் கையைக் காட்டுவாள். முனியம்மா மதினி தன் கையையும் நீட்டி, "பாசிக்குப் போற கை வேற எப்படி இருக்குமாம்? எங்க கையெல்லாம் மட்டும் மல்லிகைப்பூவா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். எல்லாக் கையும் வெடித்து வீங்கிக் கிடக்கிற ஊரில் ஒரு கை மட்டும் வேறு மாதிரி வீங்குகிறது என்று யார் கண்டோம்? அதிலும் வெயில் ஏறி வேலை ஓடியதும் அவள் விரல்கள் கொஞ்சம் இளகிவிடும். வேலை செய்தால் சரியாகிவிடுகிறது என்றால் அது சோம்பல்தான் என்று நான் முடிவு கட்டினேன். வேலை செய்தால் இளகுவதுதான் இந்த வியாதியின் குணம் என்று மதுரையில் அந்த டாக்டரம்மா சொன்னபோது நீ பக்கத்தில் இருந்தாய், நான் குனிந்துகொண்டேன்.

அன்று காலை கஞ்சிச் சட்டியைக் கீழே போட்டு உடைத்தாள். அந்த வாரத்திலேயே அப்படிப் பலதும் கை நழுவி விழுந்திருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கையில பிடிமானம் இல்லாதவளுக்கு இங்கன என்ன வேலை? உங்க ஆத்தா வீட்டுக்கே போயிரு" என்று தெருவே கேட்கக் கத்தினேன். "கை மடங்க மாட்டேங்குது மச்சான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நீ மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கோபத்தோடு கோபமாக அவள் விரல்களுக்குத் துணி சுற்றினேன், இடுப்பில் பையைக் கட்டினேன். வத்தைக் கயிறு கட்டிப் பழகிய கை, இறுக்கித்தான் கட்டியிருப்பேன்.

தீவுப் பக்கம் போய் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் சோழகக் காற்று கிளம்பிவிட்டது. நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். பெண்கள் ஒவ்வொருவராக வத்தைக்கு வந்து, நான் நீட்டிய கையைப் பிடித்து ஏறினார்கள். உன் அம்மா கடைசியாக வந்தாள். "சுருக்கா வா, நீவாடு இழுக்குது" என்று முனியம்மா மதினி நீரோட்டத்தைக் காட்டிக் கத்தினாள். உன் அம்மா கையைத் தூக்கினாள். நான் குனிந்து என் கையைக் கொடுத்தேன். அவள் கை என் உள்ளங்கைக்குள் வந்தது. "பிடி" என்றேன். அவள் பிடிக்கவில்லை. விரல்கள் நீட்டியது நீட்டியபடியே என் கைக்குள் இருந்தன, அலை வந்ததும் வழுக்கிக்கொண்டு போயின. விரலில் சுற்றிய துணி ஒன்று மட்டும் என் கையில் மிஞ்சியது. போகிறபோது அவள் என்னைப் பார்த்தாள். நான் குதித்தேன், தேடினேன், இரண்டு பெண்கள் என்னை இழுத்து ஏற்றும் வரை தேடினேன். நீரோட்டம் அவளைப் பாறைப் பக்கம் கொண்டுபோய்விட்டது.

அன்று சாயங்காலம் கரை ஒதுங்கினாள். இடுப்புப் பையில் பாசி, முடிச்சு அப்படியே இருந்தது. அந்த முடிச்சுதான் ஊரின் வாயைத் திறந்தது. கடலில் இழுபட்டால் பாசிக்காரி முதலில் செய்கிற காரியம் இடுப்புப் பையை அவிழ்த்துவிடுவது. நனைந்த பாசியின் கனம் ஆளை உள்ளே இழுத்துவிடும், அதைச் சொல்லிக்கொடுக்காமல் யாரையும் தண்ணீரில் இறக்கவே மாட்டார்கள். அவள் அவிழ்க்கவில்லை. கையைக் கொடுத்தும் பிடிக்கவில்லை. காலையில் நான் கத்தியதைத் தெருவே கேட்டிருக்கிறது. ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்தது. "அவளா விட்டுட்டா" என்று இழவு வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். யாரும் என்னிடம் அது உண்மையா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆமாம் தாயி, நானும் அதைத்தான் நம்பினேன். பெண்டாட்டி தன் கையை என் கைக்குள் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டுப் போனாள் என்று நம்பினேன். அவள் கடைசியாகப் பார்த்த பார்வையைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். வத்தையை விற்றேன். கடலுக்குப் போவதை விட்டேன். யாத்திரை வருகிற வயசானவர்கள் ஆட்டோவில் ஏறக் கையை நீட்டினால், கண்ணாடியைத் துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இவனுக்கு என்ன திமிர் என்று திட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். என் உள்ளங்கையில் அந்த நீட்டிய விரல்கள் இன்னும் இருக்கின்றன. பேசிக்கொண்டிருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எந்த நேரமும் வழுக்கும். சோற்றுத் தட்டில் கை வைத்தபடி நான் அப்படியே உட்கார்ந்திருப்பதை நீ எத்தனை முறை பார்த்திருக்கிறாய்! "அய்யா, எந்த ஊருக்குப் போயிட்டீங்க?" என்று கேட்பாய்.

நீ ஒன்பதாவது படித்தபோது பள்ளியில் எவளோ சொல்லிவிட்டாள் என்று அழுதுகொண்டு வந்து என் முன்னால் நின்றாய். "என்னைய வேணாம்னுதானே அது முடிச்சை அவுக்காமப் போச்சு?" என்று கேட்டாய். அம்மா என்றுகூடச் சொல்லவில்லை, அது என்றாய். நான் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அதன்பிறகு நீ அவள் படத்துக்குப் பூ வைப்பதை நிறுத்தினாய். நான் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது சொல்கிறேன். அவள் உன்னை வேண்டாம் என்று போகவில்லை. அவள் கை பிடிக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கையால் பிடிக்க முடியவில்லை. முடிச்சு அவிழவில்லை, ஏனென்றால் காலையில் மடங்காத விரல்களால் நனைந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. அந்த முடிச்சைக் கட்டியவன் நான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. நீ மாத்திரை வாங்கப் போயிருந்தபோது நான் மறுபடி உள்ளே போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "பார்க்காத கையைப் பத்தி நான் உறுதியாச் சொல்ல முடியாதுய்யா. ஆனா நீங்க சொல்றதையெல்லாம் பார்த்தா, அவங்களுக்கும் இதுவே இருந்திருக்கலாம்" என்றார். இருந்திருக்கலாம். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அவள் கைமேல் அந்தக் கருவியை வைத்துப் பார்க்க இனி முடியாது. சில நாள் அவள் அவளாகத்தான் விட்டாள் என்று பழைய நினைப்பே திரும்பி வரும். உண்மையைச் சொன்னால் அந்த நினைப்பு எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவள்மேல் கோபப்படலாம், கோபப்பட்டுக்கொண்டே தூங்கிவிடலாம். இப்போது கோபப்பட ஆள் இல்லை. கண்ணை மூடினால் அவள் பார்வைதான் வருகிறது. அது கோபம் இல்லை தாயி. தன் கை தன் பேச்சைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாகத் தெரிந்திருக்கிறது. அதை என்னிடம் சொல்ல நேரம் இல்லை. காலையில் சொன்னாள், நான் கேட்கவில்லை.

இதை எல்லாம் உன்னை அழவைக்கச் சொல்லவில்லை. போன மாதம் இரண்டாவது தடவை மதுரைக்குப் போனோம். நீ துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தாய். டாக்டரம்மா உன் மூட்டு ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார், எங்கும் வலிக்கவில்லை என்றாய். வீக்கமும் வெளியே தெரியவில்லை. முஷ்டி பிடித்தாய், விரல்கள் நன்றாக மடங்கின. எனக்கே மனசு குளிர்ந்தது. ஆனால் விளக்கை அணைத்து அந்தக் கருவியை வைத்ததும், உன் மணிக்கட்டுக்குள் பொட்டு அளவு சிவப்பு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. "வலி அடங்கிருச்சு. உள்ள இருக்கிற அழற்சி இன்னும் அடங்கலை. இந்த நேரத்துல மாத்திரையை விட்டா மறுபடி கிளம்பிரும்" என்று சொன்னார். நீ அதைக் கேட்டாயா, இல்லை கல்யாணப் புடவையை நினைத்துக்கொண்டிருந்தாயா, எனக்குத் தெரியாது. நான் கேட்டேன். வலி இல்லாததால் வியாதி இல்லை என்று நினைப்பதும், எல்லோர் கையும் வீங்கியிருப்பதால் இவள் கையிலும் ஒன்றும் இல்லை என்று நினைப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

இன்னொன்றையும் அவர் சொன்னார், அதையும் நீ மறந்துவிட்டாய் போல. வாரம் ஒருமுறை நீ போடும் அந்த மாத்திரை வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது. பிள்ளை வேண்டும் என்று நினைப்பதற்கு நெடுநாள் முன்பே அவரிடம் போய்ச் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும், நாமாக நிறுத்தவும் கூடாது, நாமாகத் தொடரவும் கூடாது. இதைப் புருஷனுக்குத் தெரியாமல் எப்படிச் செய்வாய்? கமுதியிலும் பரண் இருக்கும், பழைய பாய் இருக்கும். ஒளித்து வைத்துக்கொண்டே எத்தனை காலம் குடும்பம் நடத்துவாய்? காலையில் விரல் மடங்காத அன்று, பாத்திரம் கை நழுவி விழுகிற அன்று, அவனிடம் என்ன சொல்வாய்? கை மடங்கவில்லை என்று சொன்னால் போதும் என்றா நினைக்கிறாய்? உன் அம்மா அதைத்தான் சொன்னாள்.

மாப்பிள்ளை சரவணனைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. மிளகாய் மண்டியில் பிறந்து வளர்ந்த பையன், பேசும்போது இரண்டு தும்மல் போடுகிறான், உன்னை நிமிர்ந்து பார்க்க வெட்கப்படுகிறான், இவ்வளவுதான் தெரியும். நல்லவனாகத்தான் தெரிகிறான். ஆனால் நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது தாயி. நானும் கெட்டவன் இல்லை. உன் அம்மாவை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, அவளுக்கென்று கருவாட்டில் நடுத்துண்டை எடுத்துவைத்தவன். தெரியாதவனாக இருந்தேன், அதனால்தான் அப்படி நடந்தது. நீ சொன்னபிறகு அவர்கள் வேண்டாம் என்று போனால் போகட்டும். பந்தக்கால் இன்னும் ஊன்றவில்லை. உன் அத்தை ஒரு வாரம் ஒப்பாரி வைப்பாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னை வீட்டோடு வைத்துக் காப்பாற்ற எனக்கு ஆட்டோவும் இருக்கிறது, ஒரு குறையும் இல்லாத கையும் இருக்கிறது.

மாத்திரை டப்பாவைப் பரணிலிருந்து நான் எடுக்கப்போவதில்லை. உன் கையால் நீயே எடுக்க வேண்டும். சரவணனிடமும் நான் போய்ச் சொல்லமாட்டேன், அது உன் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் நான் முடிவு செய்துவிட்டேன், அதில் உன் பேச்சோ அத்தை பேச்சோ எடுபடாது.

வத்தையில் ஆளை ஏற்றும்போது நாங்கள் கையை நீட்டுவோம், வருகிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதுதான் பழக்கம். அன்றும் நான் கையை நீட்டிவிட்டு, அவள் பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கை பிடிக்காது என்று தெரிந்திருந்தால், காத்திருக்க மாட்டேன். அவள் மணிக்கட்டை நான் பிடித்திருப்பேன். என் கையில் ஒரு குறையும் இல்லை என்று அந்தத் திரையிலேயே தெரிந்ததே. மணிக்கட்டைப் பிடித்திருந்தால் அவள் இப்போது உன் கல்யாணத்துக்கு என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள்.

தாலி கட்டி முடிந்ததும், பொண்ணு கையைப் பிடித்துக் கொடுங்கள் என்று என்னைக் கூப்பிடுவார்கள். எல்லா அப்பனும் மகளின் விரல்களை எடுத்து மாப்பிள்ளை கைக்குள் வைப்பான். நான் அதைச் செய்யமாட்டேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, உன் மணிக்கட்டைத்தான் அவன் கையில் வைப்பேன். ஏன் மாமா இப்படி என்று அவன் என்னைப் பார்க்கக் கூடாது. அதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் அய்யா